மெல்லிய அடிகளின் கணக்கு

மைக்கேல் மெக்டொனால்ட் பாடி 1982-இல் வெளிவந்த ‘ஐ கீப் ஃபர்கெட்டின்’ பாட்டைக் கேட்பவர்களை முதலில் இழுப்பது அவருடைய கனத்த குரல். அதற்கடுத்து பேஸ் கிதாரின் நடை. இந்த அத்தியாயத்துக்காக இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பாட்டின் அடியில் தொடக்கம் முதல் கடைசி வரை விடாமல் ஓடும் ‘ட்ஸ் ட்ஸ்’ என்ற ஒலியை மட்டும் பின்தொடருங்கள். ஹை-ஹாட் எனப்படும் இரட்டை உலோகத் தட்டின் ஒலி அது. வாசித்தவர் ஜெஃப் போர்காரோ.

பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 95 தட்டு. ஒவ்வொரு தட்டையும் போர்காரோ நான்காகப் பிரித்து அடிக்கிறார். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஆறு அடிக்கும் சற்று அதிகம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஏறத்தாழ 158 மில்லி விநாடி. இந்த வேகத்தில் ஹை-ஹாட்டை வாசிக்க இரண்டு குச்சிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது எளிய வழி. போர்காரோ வலது கை ஒன்றாலேயே வாசித்தார். இடது கை ஸ்நேர் டிரம்முக்காகக் காத்திருந்தது. டிரம் வாசிப்பவர்கள் நடுவே இன்றும் பெயர் பெற்ற ஒற்றைக்கை நடை இது.

ஓர் ஒலியைக் கேட்டு அதற்கு எதிர்வினையாகக் கையை அசைக்க மனிதருக்கு 150 முதல் 200 மில்லி விநாடி தேவைப்படும். போர்காரோவின் இரண்டு அடிகளுக்கு இடையே இருக்கும் மொத்த நேரமே 158. ஆகவே முந்தைய அடியைக் காதால் கேட்டு, சரியா தவறா என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்ததை அடிக்க நேரமே இல்லை. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். டிரம்மர் ஒலியின் பின்னால் ஓடுவதில்லை, அதற்கு முன்னால் போய் நிற்கிறார். மெட்ரோனோமின் ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னால் சாதாரண மனிதர்கள்கூட ஒலிக்குச் சில பத்து மில்லி விநாடி முன்பே தட்டிவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்களிடம் இந்த முந்தல் குறைவு.

2015-இல் எஸா ரேசானன், ஹோல்கர் ஹென்னிக் உள்ளிட்ட ஓர் ஆய்வுக்குழு போர்காரோவின் இந்தப் பதிவை எடுத்து, ஒவ்வொரு ஹை-ஹாட் அடியும் எந்தக் கணத்தில் தொடங்குகிறது, எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அளந்தது. ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியான அந்தக் கட்டுரையை ரசிகர்களும் படிக்க வேண்டும். ஏனென்றால் கேட்பவரை ஆடவைக்கும் தன்மையை ‘ஃபீல்’, ‘க்ரூவ்’ என்று நாம் கைகாட்டி மட்டும் பேசிவந்தோம், அதை அவர்கள் எண்களாக்கினார்கள். எண்களாக்கிய பிறகும் அதன் அழகு குறையவில்லை.

அவர்கள் கண்டது இது. மிகக் குறுகிய அளவில் பார்த்தால் அடிகள் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஓர் இடைவெளி சற்று நீண்டுவிட்டால் அடுத்தது சற்றுச் சுருங்குகிறது. நீண்ட அளவில் பார்த்தால் நிலைமை வேறு. இப்போது விழும் அடியின் சிறு விலகலுக்கும் பல விநாடிகளுக்கு முன்பு விழுந்த அடிகளின் விலகலுக்கும் தொடர்பு இருக்கிறது. வாசிப்பு மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது, கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது, பிறகு மெல்லத் திரும்புகிறது. பகடை உருட்டினாற்போல் ஒவ்வோர் அடியும் தன்னிச்சையாக விலகியிருந்தால் இப்படி ஒரு நினைவு இருக்க முடியாது. அடிகளின் நேரத்தில் மட்டுமல்லாமல் உரப்பிலும் இதே நினைவு தெரிந்தது. கூடவே, இரண்டு பார்களுக்கு (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒழுங்கும் தெரிந்தது: எந்த அடி ஓங்கி விழும், எது தணிந்து விழும், எது மயிரிழை முன்னே வரும் என்பதில். காதுக்கு ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒரே மாதிரி படும் தொடருக்குள் இரண்டு பார் நீளத்தில் ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தது.

இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ‘மனிதன் இயந்திரம்போல் துல்லியமாக இல்லாததுதான் க்ரூவ்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க இதமான கருத்துதான். அறிவியலோ அதை அப்படியே ஏற்கவில்லை.

இந்தக் கருத்துக்கு ஒரு மரபு உண்டு. 1987-இல் அமெரிக்க இசை ஆய்வாளர் சார்ல்ஸ் கைல், வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சற்றே விலகியிருப்பதில்தான் இசையின் உந்துதல் பிறக்கிறது என்று வாதிட்டார். பேஸ் ஒரு பொட்டு முன்னே, டிரம் ஒரு பொட்டு பின்னே. அந்த உரசலில் உடல் ஆடுகிறது என்பது அவர் கோட்பாடு. 2011-இல் ஹென்னிக்கும் சகாக்களும் இதன் ஒரு பகுதியைச் சோதித்தார்கள். தேர்ந்த கைகளின் விலகல் வழக்கமாக 10 முதல் 20 மில்லி விநாடிதான். கணினி இசையில் அத்தகைய விலகல்களை இரண்டு விதமாகச் சேர்த்தார்கள்: ஒன்று கண்மூடித்தனமான சிதறல், மற்றது மனித வாசிப்பில் இருப்பதுபோல் நினைவுள்ள சாய்வு. கேட்டவர்கள் இரண்டாவதையே விரும்பினார்கள். விலகல் இருந்தால் அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை இந்தச் சோதனை சொல்கிறது. விலகல் இல்லாமல் க்ரூவே இல்லையா என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர் சுவிட்சர்லாந்தின் ஒலிவியர் சென். 2016-இல் வெளிவந்த அவருடைய குழுவின் சோதனையில், தொழில்முறைக் கலைஞர்கள் பேஸும் டிரம்மும் வாசித்த ஸ்விங், ஃபங்க் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் இருந்த நேர விலகலை ஒரு பதிப்பில் முழுவதும் துடைத்து ஒவ்வோர் அடியையும் சீரான தாளக் கட்டத்தில் உட்கார வைத்தார்கள். வேறு பதிப்புகளில் குறைத்தும் மிகைப்படுத்தியும் வைத்தார்கள். இசை அறிந்தவர்கள் 79 பேர், அறியாதவர்கள் 81 பேர் கேட்டு மதிப்பிட்டார்கள். மிகைப்படுத்திய பதிப்புகளுக்கு மதிப்பு குறைந்தது. ஆனால் கலைஞர்கள் வாசித்தபடியே இருந்த பதிப்பும், விலகலே இல்லாமல் துடைத்த பதிப்பும் சமமான மதிப்பைப் பெற்றன. விலகல் க்ரூவுக்குக் கட்டாயமும் அல்ல, கேடும் அல்ல.

இது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் டிரம்மரிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் கிதார் கலைஞருக்கு ஒவ்வோர் அடியும் 15 மில்லி விநாடி தாமதமாகவே போய்ச் சேர்கிறது. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கு இன்னும் தாமதம். ஆய்வாளர்கள் அளக்கும் விலகலைவிட அரங்கத்தின் தூரமே பெரிது. அந்தப் பின்வரிசைக்காரரும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

அப்படியானால் ஃபீல் எங்கே இருக்கிறது? சென் குழுவினர் மாற்றியது நேரத்தை. எந்த அடி உரக்க, எந்த அடி மெல்ல என்ற ஒழுங்கு கலைஞர்கள் வாசித்தபடியே நின்றது. என் தீர்ப்பு இதுதான்: ஒரு டிரம்மரின் ஃபீலில் பெரும்பங்கு நேரத்தில் இல்லை, உரப்பில் இருக்கிறது. அதிலும் முக்கியமாக, அவர் எதை எவ்வளவு மெல்ல அடிக்கிறார் என்பதில்.

போர்காரோவின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. அவருடைய டோட்டோ குழு, 1982-இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்கா’ பாட்டைப் பதிவு செய்தபோது, போர்காரோவும் தாளவாத்தியக் கலைஞர் லென்னி காஸ்ட்ரோவும் சில நிமிடங்கள் அடிப்படை நடையை மட்டும் வாசித்தார்கள். அதில் மிகச் சிறப்பாக அமைந்த இரண்டு பார்களைத் தேர்ந்து, ஒலிநாடாவை வெட்டி வளையமாக ஒட்டி, அதையே சுற்றவிட்டு மேலே மற்றவற்றைச் சேர்த்தார்கள். நாடா வளையத்தில் நீண்டகால நினைவு ஏது? ஒரே இரண்டு பார்கள் அப்படியே திரும்பி வருகின்றன. ஆயினும் அந்தப் பாட்டின் நடை உலகெங்கும் மக்களை ஆட்டுவித்தது. அந்த இரண்டு பார்களுக்குள் ஓங்கலும் தணிவும் சரியான இடங்களில் இருந்ததே போதுமானதாயிற்று.

இனி ‘ஆப்பிரிக்கா’ இடம்பெற்ற அதே இசைத்தட்டின் முதல் பாட்டான ‘ரோசன்னா’வுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் தங்கத்தான் வேண்டும். நான் அறிந்தவரை ராக் இசையில் மெல்லிய அடிகளின் உச்சம் இதுவே.

நடை இப்படிப் போகிறது. ஒரு பாரில் நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டும் திஸ்ரமாக மூன்றாகப் பிரிகிறது. வலது கை ஹை-ஹாட்டில் ஒவ்வொரு மூன்றின் முதலையும் கடைசியையும் வாசிக்கிறது. நடுவில் விடுபட்ட ஒன்றை இடது கை ஸ்நேரில் நிரப்புகிறது, ஆனால் காதில் விழுந்தும் விழாமலும். இதற்கு கோஸ்ட் நோட் என்று பெயர். மூன்றாம் தட்டில் மட்டும் அதே இடது கை ஸ்நேரில் ஓங்கி ஓர் அடி போடுகிறது. அதுதான் பேக்பீட், பாட்டின் முதுகெலும்பு. கீழே பேஸ் டிரம் போ டிட்லியின் பழைய ராக் அண்ட் ரோல் தாளத்தைத் தழுவித் தன் வழியில் நடக்கிறது.

கடினம் எங்கே என்றால், பேக்பீட்டுக்கு அடுத்த நொடிப்பொழுதில். ஓங்கி அடித்த அதே கை, மூன்றில் ஒரு பங்கு தட்டு நேரத்துக்குள் அடங்கி, கிசுகிசுப்பான அடியைத் தர வேண்டும். குச்சி தோலைத் தொட்டிருப்பது சில மில்லி விநாடி மட்டுமே. தொட்ட பிறகு வேகத்தைத் திருத்த முடியாது. அடி எவ்வளவு உரக்க விழும் என்பது குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து, எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதால் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஓங்கிய அடிக்குப் பின் குச்சி இயல்பாகவே மேலே எகிறும். அந்த எகிறலை விரல்களால் பிடித்து, தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிறுத்தினால்தான் அடுத்தது மெல்லிய அடியாகும். நல்ல டிரம்மரின் இடது கையைப் பாருங்கள். வலிமை தெரிவது அவர் குச்சியை ஓங்கும்போது அல்ல, நிறுத்தும்போது.

ஸ்நேர் டிரம்மின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. அதன் அடித்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலை லேசாகத் தொட்டாலும் உள்ளிருக்கும் காற்று வழியாக அடித்தோல் அதிரும், கம்பிகள் சரசரக்கும். ஓங்கி அடித்தால் தோலின் வெடிப்பு கம்பிகளின் ஒலியை மூடிக்கொள்ளும். மெல்ல அடித்தால் சரசரப்பே முன்னுக்கு வரும். எனவே கோஸ்ட் நோட் என்பது அதே ஒலியின் சிறிய வடிவம் அல்ல. நிறமே வேறு. உரத்த ஒலியை அடுத்து உடனே வரும் மெல்லிய ஒலியைக் காது முழுதாகப் பிடிப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் ‘ரோசன்னா’வைக் கேட்பவர் அந்த அடிகளைத் தனித்தனியாகக் கேட்காமல், ஓர் உருளலாக உணர்கிறார். அந்த அடிகளை எடுத்துவிட்டு வாசித்துக் காட்டினால் எது குறைந்தது என்று சொல்லத் தெரியாது, பாட்டு நொண்டுவது மட்டும் தெரியும்.

இந்த நடை தன் கண்டுபிடிப்பு என்று போர்காரோ உரிமை கொண்டாடவில்லை. ஒரு பயிற்சிக் காணொளியில் அவரே மூலங்களைச் சொன்னார். முதலாவது பெர்னார்ட் பர்டி. நூற்றுக்கணக்கான சோல், ஃபங்க் பதிவுகளில் வாசித்த இந்த நியூயார்க் கலைஞரின் பாணி ‘பர்டி ஷஃபிள்’ என்றே அழைக்கப்படுகிறது. ஸ்டீலி டான் குழுவின் 1977-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஏஜா’வில் ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் அதைக் கேட்கலாம். இரண்டாவது, லெட் செப்லின் குழுவின் ஜான் பானம், 1979-இல் ‘ஃபூல் இன் தி ரெயின்’ பாட்டில் வாசித்தது.

பானத்தின் பெயரை இங்கே பார்த்துப் பலர் புருவம் உயர்த்துவார்கள். 1948-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 32 வயதில் மறைந்த அவரை ராக் உலகம் இடிமுழக்கமாகவே நினைவில் வைத்திருக்கிறது. 26 அங்குல பேஸ் டிரம், கனத்த அடி, கூரையைப் பிளக்கும் ஓசை. அந்தப் பெயருக்குப் பெரிதும் காரணம் 1971-இல் வெளிவந்த ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’. அதன் ஓசையில் பானத்தின் கை ஒரு பாதி, கட்டடம் மறு பாதி. ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம் செட்டை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படி வழியே மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்முக்குப் பக்கத்தில் மைக் இல்லை. எனவே நேரடி அடியோடு சுவரிலும் படியிலும் பட்டுத் திரும்பிய ஒலிகளும் சேர்ந்தே மைக்கை அடைந்தன. உரத்ததை அமுக்கி மெல்லியதைத் தூக்கும் கம்ப்ரஸர் கருவி அந்த எதிரொலியின் வாலையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. மெதுவான பாட்டு அது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே முக்கால் விநாடிக்கு மேல் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பானம் அளவுக்கு மீறிய அடிகளால் அடைக்காமல், கூடத்தின் ஒலி எழுந்து அடங்கும்படி விட்டார். எவ்வளவு அடிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது அவருக்கு.

அதே மனிதர் ‘ஃபூல் இன் தி ரெயின்’ பாட்டில் ஸ்நேரைக் கிசுகிசுக்க வைக்கிறார். அவரைப் பின்பற்றி உரக்க அடித்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் உரப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு அடியில் இருந்த மென்மையை விட்டுவிட்டார்கள். ராக் டிரம் வாசிப்புக்கு நேர்ந்த பெரிய இழப்பாக இதை நான் கருதுகிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் இதே அறிவை இன்னொரு வழியில் எட்டினார். ஸ்நேரில் பேக்பீட் விழும் கணத்தில் ஹை-ஹாட்டை அடிக்காமல் வலது கையைத் தூக்கிவிடுவார். பேக்பீட் தனியே, பளிச்சென்று நிற்கும்.

கேட்பவரின் பக்கம் என்ன நடக்கிறது? ஜெசிக்கா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், சீரான தட்டு உள்ள தாளத்தைக் கேட்கும்போது, உடலை அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையிலும் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்தெழுந்தன. அவற்றுள் முக்கியமானவை, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்கள். அவை பாதிப்படையும் பார்க்கின்சன் நோயில், இத்தகைய தாளங்களைப் பிரித்தறியும் திறனும் குறைவதைப் பின்னர் கண்டார்கள். ஆக, தாளத்தைக் கேட்பது என்பதே உள்ளுக்குள் அதை வாசித்துப் பார்ப்பதுதான். கேட்பவரின் மூளையும் போர்காரோவின் மூளையைப்போல் அடுத்த அடியை முன்கூட்டிக் கணித்துக்கொண்டிருக்கிறது.

மரியா விட்டெக்கின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதோடு பொருந்துகிறது. தட்டில் விழாமல் தட்டுகளின் இடையே விழும் அடிகள் குறைவாக, நடுத்தரமாக, மிக அதிகமாக உள்ள டிரம் துண்டுகளைக் கேட்கச் செய்தார்கள். நடுத்தரமாக இருந்தவையே அதிக இன்பத்தையும், ஆட வேண்டும் என்ற உந்துதலையும் தந்தன. எல்லாம் எதிர்பார்த்தபடி விழுந்தால் கணிக்க எதுவும் இல்லை. எதுவுமே எதிர்பார்த்தபடி விழாவிட்டால் கணிக்க வழியில்லை. ‘ரோசன்னா’வில் மூன்றாம் தட்டின் ஓங்கிய அடி கேட்பவருக்குக் கால் ஊன்ற நிலம் தருகிறது. அந்த நிலத்தின்மேல் மெல்லிய அடிகளும் பேஸ் டிரம்மும் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

போர்காரோ 1992-இல், 38 வயதில் இறந்தார். அவர் ஹை-ஹாட் வாசித்த மெக்டொனால்டின் பாட்டு, 1994-இல் வாரன் ஜி என்ற ராப் கலைஞரின் ‘ரெகுலேட்’ பாட்டுக்கு அடித்தளமாகி, அவர் பெயரையே கேள்விப்படாத ஒரு தலைமுறையை ஆட்டியது.

படித்தது போதும், இனிக் கேளுங்கள். ‘ஹோம் அட் லாஸ்ட்’, ‘ஃபூல் இன் தி ரெயின்’, ‘ரோசன்னா’ என்ற வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. கைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம். அதில் பேஸ் டிரம்மின் அடியொலி வராது, கோஸ்ட் நோட்டுகளும் கரைந்துவிடும். காதை மூடும் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை மூன்றாம் தட்டின் ஓங்கிய அடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு, இரண்டு ஓங்கிய அடிகளுக்கு நடுவே ஸ்நேரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வீட்டில் டிரம் கற்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்; இன்னும் வேகமாக, இன்னும் உரக்க என்று யாராவது அவர்களிடம் சொல்வதற்கு முன்பு இந்த மூன்று பாட்டும் அவர்கள் காதில் விழட்டும்.